இடர் கண்டவிடத்து அழைக்குங் காலம்

பொதுவிடத்தே ஓர் இடரைக் கண்ட ஒருவன், அதனைத் தானே நீக்க முயல்வதா, உரிய அலுவலர்க்கு எழுதித் தெரிவிப்பதா, அன்றித் தீயணைப்பு வண்டியையோ மருத்துவ ஊர்தியையோ உடனே அழைப்பதா என்னும் மூன்றனுள் ஒன்றைத் துணிதல் வேண்டும். இத்துணிவு கேட்குங்கால் எளிதெனத் தோன்றும், செய்யுங்கால் எளிதன்று. அழைக்கத் தாழ்த்தமையால் உயிர் போதலும் உண்டு; சிறு பொருட்டுக்கு அழைத்தமையால் வேறோரிடத்துத் தவிக்கும் உயிர்க்குத் துணை கிட்டாமற் போதலும் உண்டு. இவ்விரு பிழைகளுக்கும் நடுவே செல்லும் நெறி யாதென ஒருசிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் பிறந்து வளர்ந்த பேராவூரணி, தஞ்சை மாவட்டத்தின் தென்பாற் கோடியிலே, கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதியில் அமைந்த ஊர். ஒருபால் நெல்வயல், ஒருபால் தென்னந்தோப்பு, சேதுபாவாசத்திரம் வழியே சென்றாற் கடல். இத்தகைய நாட்டில் இடர்களும் அந்நாட்டுக்கு உரியனவாகவே தோன்றுகின்றன. ஐப்பசி கார்த்திகை மழையில் மின்கம்பி அறுந்து வயலில் வீழும். வாய்க்காற் கரையில் நீர் கசியும். வைக்கோல் ஏற்றிய லாரி தாழ்ந்த மின்கம்பியில் உரசித் தீப்பற்றும். தென்னையிலும் பனையிலும் கதண்டு என வழங்கும் பெருங்குளவி கூடு கட்டும். இவற்றை முதற்கண் காண்பவர் அலுவலர் அல்லர். வயலுக்குச் செல்லும் உழவரும், பள்ளிக்குச் செல்லும் மாணவருமே. ஆகலின் துணிய வேண்டிய பொறுப்பும் முதற்கண் அவரையே சார்கின்றது.

திருக்குறளின் பொருட்பாலிலே தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் 47 முதல் 50 வரை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளன. அவை அரசன் வினைமேற் செல்லுதற்குக் கூறப்பட்டவை. எனினும், செயலொன்றைத் துணிய வேண்டிய எவர்க்கும் அந்நான்கு தலைப்புக்களும் நான்கு வினாக்களாக அமைதலின், அவ்வரிசையையே ஈண்டு யாமும் மேற்கொள்கின்றோம். கண்டது யாது? அது நம் வலிமைக்கு உட்பட்டதா? காலம் எவ்வளவு உண்டு? எவ்விடத்தை, எவ்விடத்துள்ளார்க்குக் கூறுவது?

கண்டது யாது?

இடர்கள் இருவகைய: ஒன்று உறங்கும் இடர்; மற்றொன்று விழித்த இடர். வேர் தளர்ந்து சாய்ந்து நிற்கும் சாலைமரம், வேலியில்லாக் கிணறு, தாழத் தொங்கும் மின்கம்பி ஆகியன உறங்கும் இடர்கள். அம்மரம் பேருந்தின்மேல் வீழ்ந்தபொழுதும், அக்கிணற்றுள் குழந்தை தவறியபொழுதும், அக்கம்பி அறுந்து தெருநீரிற் கிடந்தபொழுதும் அவை விழித்த இடர்களாகின்றன. விழித்த இடருக்கு வேண்டுவது அழைப்பு. உறங்கும் இடருக்கு வேண்டுவது முறையீடு.

2004-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16-ஆம் நாள், நம் மாவட்டத்துக் கும்பகோணத்தில் பள்ளியொன்றிலே மூண்ட தீ 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டது. உணவு சமைக்குமிடத்துக் கூரையிற் பற்றிய தீ, மாடியில் வகுப்பு நடந்த கீற்றுக் கொட்டகைக்குப் பரவிற்று. உலர்ந்த கீற்று எரியும் விரைவை எவ்வண்டியின் விரைவும் வெல்லுதல் அரிது. தீ மூண்ட அக்கணம் அழைக்கவேண்டிய கணந்தான். ஆனால் அடுப்பும் கீற்றும் அருகருகே இருந்த முந்தைய நாட்கள் யாவும் முறையிட்டிருக்க வேண்டிய நாட்கள் அல்லவா? அங்ஙனமே, 2022-ஆம் ஆண்டு ஏப்பிரல் 27-ஆம் நாள் விடியுமுன், தஞ்சையை அடுத்த களிமேட்டில் அப்பர் விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியைத் தீண்ட, 11 பேர் மாண்டனர். கம்பியின் உயரமும் தேரின் உயரமும் பகலிற் காணத்தக்கனவே. விழாவுக்கு முன்னர் மின்வாரியத்தார்க்குத் தெரிவித்து, தேர் கடக்கும் பொழுதில் மின்னோட்டத்தை நிறுத்தச் செய்தல் ஊரார் கையில் உள்ளது. நீலகண்டப் பிள்ளையார் கோயிலின் சித்திரைத் திருவிழாவுக்குத் திரளும் எம்மூரார்க்கும் இப்பாடம் உரியதே.

உறங்கும் இடர்க்குச் சட்டமும் வழி வகுத்துள்ளது. 2024-ஆம் ஆண்டு சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு, வீழுந்தறுவாயிலுள்ள மரத்தையும் கட்டிடத்தையும் நீக்கவும், பொதுவழியை அடுத்த கிணற்றுக்கு வேலியிடவும் ஆணையிடும் அதிகாரத்தைக் கோட்டாட்சியர் முதலிய நிர்வாக நடுவர்க்கு வழங்குகின்றது. பேராவூரணி வட்டத்தார்க்கு அக்கோட்ட அலுவலகம் பட்டுக்கோட்டையில் உள்ளது. நாளிட்டு எழுதிய ஒரு விண்ணப்பமும், கைப்பிரதி ஒன்றும், ஏற்புச் சீட்டும் இருந்தாற் போதும். முறையீடு காற்றிற் கரைந்துபோகாது.

இனி, உறங்கும் இடர் எக்கணத்தில் விழிக்கின்றது என்று ஒருவர் வினவலாம். மாற்றமே விழிப்பின் அறிகுறி என்க. சென்ற ஆண்டு நின்றபடியே இன்றும் சாய்ந்து நிற்கும் மரம் உறங்குகின்றது. இன்று காலை அடியில் மண் வெடித்து, மாலைக்குள் சாய்வு மிகுந்த மரம் விழிக்கின்றது. எழுதிக்கொண்டிருத்தற்கு அப்பொழுது நேரமில்லை. வழியை மறித்து ஆளை நிறுத்திவிட்டு அழைத்தலே செயற்பாலது.

நம் வலிமைக்கு உட்பட்டதா?

அடுப்பங்கரையில் எண்ணெய்ச் சட்டியிற் பற்றிய தீயை மூடியொன்றால் அவிக்கலாம். வயல்வெளியில் தன்வழியே செல்லும் பாம்புக்கு அழைப்பு வேண்டா. அது பள்ளியறைக்குட் புகுந்தாலன்றோ வேண்டும்? நம் கையால் அடங்குவதற்கெல்லாம் வண்டியை வரவழைத்தல் முறையன்று. ஆயின், தன் வலியை மிகுத்து மதிப்பிடுதல் அதனினும் கொடிது. முதல் முயற்சியில் அடங்காத தீயும், கூரையைத் தொட்ட தீயும் நம் வலிக்கு அப்பாற்பட்டவை. வைக்கோற்போரின் புறத்தே சுவாலை அவிந்தாலும் அகத்தே கனல் தங்கிப் பின்னர் எழும். ஆகலின், அவித்துவிட்டோம் என்று கலைந்து செல்லுதலும் பிழையே.

சில இடர்கள் வலிமையற்றவை போலத் தோன்றி, உதவச் சென்றாரையே மாய்ப்பன. அவற்றுள் மூன்றினை மாணவர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒன்று, அறுந்த மின்கம்பி. பொறி தோன்றவில்லை, ஓசை இல்லை என்பதனால் அதில் மின்னோட்டம் இல்லையெனக் கொள்ளுதல் ஆகாது. ஈரநிலத்தின்வழி மின்சாரம் பரவுகின்றது. கம்பிக்கு அணித்தாய இடத்தும் சேய்த்தாய இடத்தும் மின்னழுத்தம் வேறுபடுதலின், ஒரு கால் ஓரிடத்தும் மறுகால் மற்றோரிடத்தும் வைப்பவன் கம்பியைத் தீண்டாமலே தாக்குண்பான். முன்காலும் பின்காலும் அகன்று நிற்பதனாலேயே மாடுகள் இவ்வாறு எளிதில் மாள்கின்றன. எனவே 30 அடிக்குக் குறையாமல் விலகி நிற்றலும், பிறரை அணுகவொட்டாது தடுத்தலும், மின்னோட்டம் நிறுத்தப்பட்டது என்னும் செய்தி உரியாரிடமிருந்து வருமளவும் வீழ்ந்தாரைத் தீண்டாதிருத்தலும் வேண்டும். நெஞ்சு பொறாத செயல்தான். ஆயினும் ஒருவர் இறந்தவிடத்து இருவர் இறவாதிருத்தற்கு வேறு வழியில்லை.

இரண்டு, பாழ்ங்கிணறும் கழிவுநீர்த் தொட்டியும். ஆண்டு உயிர்வளி குறைந்து நச்சுவளி தங்கியிருக்கும். ஐதரசன் சல்பைடு என்னும் வளி சிற்றளவில் அழுகிய முட்டையின் நாற்றம் உடையது. அளவு மிகுந்தவிடத்து மோப்ப உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் இல்லையென்று நம்பி இறங்கினவன் மயங்குவான். அவனை எடுக்க இறங்கினவனும் மயங்குவான். மூச்சுக்கருவி உடைய தீயணைப்பு வீரர்க்கே அவ்விடம் உரியது.

மூன்று, சமையல் வாயுக் கசிவு. அவ்வாயு காற்றினும் கனமுடையது, தரையோரத்தே தங்கும். விளக்கின் பொத்தானை அழுத்துதலும் அணைத்தலும் பொறியை உண்டாக்கும். ஆகலின் கதவுகளைத் திறந்து, பொத்தான் எதனையும் தொடாது வெளியேறி, தொலைவிற் சென்ற பின்னரே தொலைபேசியை எடுத்தல் வேண்டும். கதண்டின் கூட்டைக் கல்லெறிந்தும் தீப்பந்தம் காட்டியும் கலைக்க முயல்வாரும் இவ்வரிசையிற் சேர்க்கத்தக்கவரே. இரவிலே தக்க காப்புடையுடன் அதனை அழிக்கத் தீயணைப்புத் துறையினர் வருவர்.

காலம் எவ்வளவு உண்டு?

காலத்தை அறிதற்குக் கடைமடை உழவர் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஆற்றுக்கரையில் நண்டு வளைவழியும் எலி வளைவழியும் நீர் கசிகின்றது. கசியும் நீர் தெளிந்திருப்பின், நீர் மட்டுமே வருகின்றது. நீர்வளத்துறைப் பணியாளர்க்குச் சொல்லியனுப்பப் பொழுது உண்டு. கசியும் நீர் கலங்கியிருப்பின், கரையின் மண்ணையும் அது அரித்துக்கொண்டு வருகின்றது. கரை உள்ளே குடையப்படுகின்றது. அது விரைவில் உடைப்பெடுக்கும். தெளிந்த கசிவுக்கும் கலங்கிய கசிவுக்கும் கண்பார்வைக்குச் சிறு வேற்றுமையே உண்டு. காலத்தாலோ பெருவேற்றுமை உண்டு. ஏனைய இடர்களினும் இவ்வாறே ‘கலங்கல்’ யாதென நோக்குதல் வேண்டும். புகை தடிக்கின்றதா? விரிசல் விரிகின்றதா? மூச்சு தளர்கின்றதா? ஆம் எனின், ஆராய்ச்சியை நிறுத்தி அழைக்கவேண்டியதே.

ஐயம் நீங்காதவிடத்து என் செய்வது? ஈண்டு இரு பிழைகளையும் சீர்தூக்குதல் வேண்டும். வேண்டாதவிடத்து அழைத்தமையால் ஒரு வண்டியின் பயணம் வீணாகலாம். அவ்வேளையில் பிறிதோரிடத்தார் காத்திருக்கவும் நேரலாம். வேண்டியவிடத்து அழையாமையால் விளையும் கேடோ மீட்க முடியாதது. அன்றியும், அழைப்பு என்பது வண்டிக்கு இடும் கட்டளை அன்று. கண்டதைக் கண்டவாறு கூறி, அறிந்தாரிடம் முடிவைக் கேட்டலே அழைப்பாம். வண்டி புறப்படுவதா, மின்வாரியத்துக்கு மட்டும் சொல்லுவதா என்பதை மறுமுனையில் இருப்பவர் துணிவர். அவரது துணிவு செம்மையாதல் நம் சொல்லின் உண்மையைப் பொறுத்தது. ஆகவே, ஐயத்தோடு அழைத்தல் குற்றமன்று. ஐயத்தை உறுதியெனக் கூறுதலும், சிறியதைப் பெரியதாக்கிக் கூறுதலுமே குற்றம். விளையாட்டுக்கு அழைத்தலோ, யாரோ ஒருவர் உயிரோடு விளையாடுதலாம்.

காலத்தைப் போக்குவது அறியாமை மட்டுமன்று. கூட்டமும் அதனைப் போக்குகின்றது. 1968-ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூல் அறிஞர் இலட்டானே, டார்லி என்னும் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். அறையில் அமர்ந்து படிவம் நிரப்பும் மாணவர் காணச் சுவரின் துளைவழியே புகை செலுத்தப்பட்டது. தனித்திருந்தாருள் நூற்றுக்கு 75 பேர் வெளியே சென்று தெரிவித்தனர். அறிந்தும் அறியாதார்போல் நடித்த இருவருடன் இருந்தாருள் நூற்றுக்கு 10 பேரே தெரிவித்தனர். புகை ஒன்றே, மூக்கும் ஒன்றே, அருகிருந்தாரின் அமைதி ஒன்றே வேற்றுமை. எம்மூர்க் கடைத்தெருவிலும் இதனையே காண்கின்றோம். நாற்பது பேர் சூழ்ந்து நிற்பர், ‘யாரேனும் சொல்லியிருப்பர்’ என்று ஒவ்வொருவரும் எண்ணுவர், ஒருவரும் சொல்லியிரார். இதற்கு மருந்து எளிது. ‘யாராவது கூப்பிடுங்கள்’ என்று கூட்டத்தை நோக்கிக் கூவாமல், ஒருவரை நேரே சுட்டி, ‘தம்பி, நீ 108-க்குப் பேசு, பேசிவிட்டு என்னிடம் வந்து சொல்’ என்று பொறுப்பித்தல் வேண்டும்.

விபத்தில் வீழ்ந்தார்க்கு உதவினால் வழக்கில் அலைய நேருமோ என்னும் அச்சத்தாலும் பலர் தயங்குகின்றனர். அவ்வச்சத்தை நீக்குதற்பொருட்டே 2016-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் உச்சநீதிமன்றம் உதவுவார்க்குக் காப்பளிக்கும் நெறிகளை உறுதிப்படுத்தியது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தால் 134அ என்னும் பிரிவும் சேர்க்கப்பட்டது. நன்னோக்குடன் உதவினவர்மேல் வழக்குத் தொடர்தல் இல்லை. பெயர் கூறுமாறு அவரை வற்புறுத்துதலும் இல்லை. இக்காப்பு ‘நல்ல சமாரியன்’ என்னும் பெயரால் உலகெங்கும் வழங்குகின்றது. எரிகோவுக்குச் செல்லும் வழியில் வீழ்ந்துகிடந்தவனைக் கண்டு விலகிப்போன இருவரும் தீயவர் எனக் கதை கூறவில்லை. நின்று உதவினவனை மட்டுமே அது போற்றுகின்றது என்பது எண்ணத்தக்கது.

எவ்விடம்? எவர்க்கு?

உயிர்க்கு ஊறு நேர்ந்தவிடத்து 108, இவ்வூர்தித் தொண்டு தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கப்பெற்றது, கட்டணம் இல்லை. தீக்கும், கிணற்றில் வீழ்ந்தார்க்கும், கதண்டுக்கும் 101. காவலர்க்கு 100. இன்னதென்று தெளியாதவிடத்து எல்லாவற்றுக்கும் பொதுவாகிய 112. அறுந்த கம்பிக்கு மின்வாரியத்தின் மின்னகம், 94987 94987. சமையல் வாயுக் கசிவுக்கு 1906. வெள்ளம், கரையுடைப்பு முதலிய பேரிடர்க்கு மாவட்ட ஆட்சியரகத்தின் 1077. உயிர் துடித்துக்கொண்டிருக்கும்பொழுது எவ்வெண் சரியென ஆராய்ந்து நிற்றல் வேண்டா; நினைவில் வந்த எண்ணை அழைப்பின், அவர் உரியார்க்கு வழிகாட்டுவர்.

அழைத்தபின் முதற்கண் கூறத்தக்கது இடமே. பேச்சு இடையே அறுபட்டாலும் இடம் தெரிந்திருப்பின் வண்டி வரும். நிகழ்ச்சி முழுவதும் தெரிந்து இடம் தெரியாவிடில் வாராது. வயல்வெளிக்கு வீட்டெண் இல்லை. ஒரே பெயருடைய ஊர்களும் தெருக்களும் பல. ஆதலின் ஊராட்சி, வட்டம், அருகிலுள்ள கோயில், பாலம் ஆகியவற்றைக் கூறுக. மின்கம்பத்தில் எழுதிய எண்ணும், கிழக்குக் கடற்கரைச் சாலையிலாயின் கிலோமீட்டர்க் கல்லின் எண்ணும் நல்ல அடையாளங்கள். பின்னர் நிகழ்ந்தது யாது, ஊறுபட்டவர் எத்துணையர், இடர் இன்னும் தொடர்கின்றதா என்பவற்றைக் கூறுக. மறுமுனையினர் ‘வைக்கலாம்’ என்னுமளவும் பேச்சை அறுத்தல் ஆகாது. அதன்பின் ஓராளைப் பெருஞ்சாலை முனையில் நிறுத்துக. பிரிவு தெரியாது வண்டி அலைதலை அது தவிர்க்கும்.

இவ்வளவும் தொலைபேசி உள்ளவிடத்துக்கு உரியன. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியலில் கசாப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறி எம்பகுதியையும் உழக்கியபொழுது, தென்னைகள் தோப்புத் தோப்பாக வீழ்ந்தன. டெல்டா முழுவதும் மின்கம்பங்கள் சாய்ந்தன. தொலைபேசிக் கோபுரங்கள் ஊமையாயின. அழைக்க ஒருவர் விரும்பினும் குரல் செல்லும் வழியில்லை. அரிவாளும் கோடரியும் கொண்டு மரத்தை வெட்டி வழி திறந்தவர் ஊராரே. அழைப்பை நம்பியிருத்தலோடு, அழைப்பு இல்லாத நாளுக்கும் ஊர் ஆயத்தமாதல் வேண்டும் என்பதை அந்நாள் கற்பித்தது. முதலுதவி பயின்ற இளைஞர் இருவர், நீண்ட கயிறு ஒன்று, மரமறுக்கும் கருவி ஒன்று, கிராம நிர்வாக அலுவலரிடம் விரைந்து செல்லத்தக்க ஆள் ஒருவர் ஆகியன ஒவ்வோர் ஊரிலும் இருத்தல் நன்று.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துரைப்பின்: இடர் மாறாது நிற்பின் எழுதுக, மாறத் தொடங்கின் அழைக்க. நம் கையில் அடங்குவதாயின் அடக்குக. உதவச் செல்வாரையும் கொல்வதாயின் விலகி நின்று அழைக்க. காலம் உண்டோ இல்லையோ என்னும் ஐயம் எழுந்தால், காலம் இல்லை எனவே கொண்டு அழைக்க. அழைத்தால் இடத்தை முதலிற் கூறுக, உண்மையையே கூறுக.

கல்லூரியிற் பயிலும் நாம் விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், நம்மினும் முதியோர் பலர் ‘படித்த பிள்ளை, நீ சொல்’ என்று நம் முகத்தை நோக்குகின்றனர். அந்நோக்குக்கு ஏற்ற விடை நம்மிடம் இருத்தல் வேண்டும். ஆகலின் மேற்கூறிய எண்களை ஒரு தாளில் தெளிவாக எழுதி, விடுதி வாயிலிலும், நம் இல்லத்துக் கதவின் உட்புறத்தும், ஊர்த் தேநீர்க் கடையிலும் இவ்விடுமுறையிலேயே ஒட்டுவோமாக. நம் தெருவில் உறங்கும் இடர் ஒன்றினைக் கண்டு, அதற்கோர் விண்ணப்பமும் எழுதுவோமாக.